வியாழன் இரவு ஹில்ஸ்பரோவில் நான்கு கோல் கடனை அடைக்க முடியுமா? லீக் ஒன் பிளேஆஃப் அரையிறுதி, இரண்டாவது லெக்

ஆந்தைக்கூடு
13 மே 2023, மதியம் 1.40

நேற்று ராத்திரி நடந்ததை எழுத இப்போதுதான் கை வருகிறது. இங்கிலாந்து கால்பந்தின் மூன்றாவது டிவிஷனான லீக் ஒன்னிலிருந்து மேலே ஏறுவதற்கான பிளேஆஃப் அரையிறுதி, இரண்டு ஆட்டங்களில் (லெக்) முதலாவது: பீட்டர்பரோ 4, எங்கள் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே 0. பாதிக்கு இரண்டு கோல் வீதம் வாங்கினோம். ஜாக் டெய்லர், ஜோ வார்ட், க்வாமே போக்கு, கடைசியில் ஜான்சன் கிளார்க்-ஹாரிஸ். நான்காவது விழுந்ததும் வீட்டில் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். நான் மட்டும் கடைசி விசில் வரை உட்கார்ந்திருந்தேன்.

இந்த சீசனில் 46 ஆட்டம் ஆடி 96 புள்ளி எடுத்த அணி இது. தோற்றது ஆறே ஆட்டம். லீக் ஒன்னில் இத்தனை புள்ளி எடுத்தும் நேரடியாக மேலே போகாத அணி இதற்கு முன் கிடையாது. பிளைமவுத் 101, இப்ஸ்விச் 98, அடுத்து நாங்கள். அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை 23 லீக் ஆட்டம் தோற்காமல் ஓடினோம். நடுவில் எஃப்ஏ கோப்பையில் நியூகாசிலை 2-1 என்று அடித்தோம், இரண்டு கோலும் விண்டாஸ். மார்ச் கடைசியில் பார்ன்ஸ்லியிடம் 4-2, அடுத்த ஆட்டத்திலேயே கடைசி இடத்தில் கிடந்த ஃபாரஸ்ட் கிரீனிடம் 1-0. அந்த ஒரு வாரத்தில் கைவிட்டதன் விலையைத்தான் இப்போது கொடுக்கிறோம்.

நான் ஷெஃபீல்டுக்கு வந்தது 2015இல். எங்கள் நடுக்கள வீரர் பேரி பேனன் இந்த கிளப்புக்கு வந்ததும் அதே வருடம். அதனால் அவருடைய கணக்கும் என்னுடைய கணக்கும் ஒன்று. 2016இல் வெம்ப்ளியில் ஹல் சிட்டியிடம் 1-0. 2017இல் ஹட்டர்ஸ்ஃபீல்டிடம் பெனால்டி ஷூட்அவுட், அதுவும் எங்கள் மைதானத்தில். 2021இல் ஆறு புள்ளி வெட்டப்பட்டு லீக் ஒன்னுக்கு இறங்கினோம். போன வருடம் சண்டர்லாந்திடம் இதே அரையிறுதி, 93ஆவது நிமிடத்தில் பாட்ரிக் ராபர்ட்ஸ் அடித்த கோல். போதாக்குறைக்கு போன மாதம் ஊரின் இன்னொரு பாதி, ஷெஃபீல்ட் யுனைட்டெட், பிரீமியர் லீக்குக்கு ஏறிவிட்டது. வேலையிடத்தில் தினமும் அவர்கள் முகத்தில்தான் விழிக்கிறேன்.

வியாழன் இரவு 8 மணிக்கு (உங்களுக்கு வெள்ளி அதிகாலை 12.30) இரண்டாவது லெக், எங்கள் மைதானமான ஹில்ஸ்பரோவில். கோப் பக்கம் (எங்கள் ரசிகர்கள் உட்காரும் பகுதி) டிக்கெட் கையில் இருக்கிறது. நைட் ஷிஃப்ட்டை மாற்றிக் கேட்டு வாங்கிய டிக்கெட். இப்போது போவதா, ஷிஃப்ட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு டிக்கெட்டை வேறு யாருக்காவது கொடுப்பதா என்று ஓடுகிறது மனம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். ஆறுதல் வேண்டாம், உண்மையைச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை
13 மே 2023, மதியம் 2.25

உண்மை கேட்டதால் சொல்கிறேன் சகோ. இங்கிலாந்தில் பிளேஆஃப் தொடங்கியது 1987இல். இந்த 36 வருடத்தில் எந்த டிவிஷனிலும் முதல் லெக்கில் நான்கு கோல் பின்தங்கிய ஒரு அணி மேலே வந்ததில்லை. இரண்டு கோல் கடனை அடைத்தவர்கள் உண்டு. 2020இல் நார்தாம்ப்டன் சொந்த ஊரில் செல்ட்டனமிடம் 2-0 தோற்று, அங்கே போய் 3-0 ஜெயித்தது. நான்கு என்பது வேறு கதை.

வெட்னஸ்டே லீக்கில் அடித்தது 81 கோல். ஆட்டத்துக்கு 1.76. பீட்டர்பரோ ஒன்றும் அடிக்காமல் இருந்தால்கூட, கூடுதல் நேரத்துக்குக் கொண்டுபோகவே சராசரியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். லீக்கில் அதிக கோல் அடித்தவர்களில் ஒருவர், 26 கோல் அடித்த கிளார்க்-ஹாரிஸ், எதிரே நிற்கிறார். அவர் ஒன்று போட்டால் கணக்கு ஐந்தாகிறது.

ஷிஃப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். வருத்தமாகத்தான் இருக்கிறது.

புதியவன்23
13 மே 2023, மாலை 5.05

அண்ணா, நான் பிரீமியர் லீக் மட்டும் பார்ப்பவன். சில அடிப்படைக் கேள்விகள். மூன்றாவது வந்த அணி ஆறாவது வந்த அணியோடு எதற்கு ஆட வேண்டும்? வெளியூர் கோலுக்கு இரட்டை மதிப்பு உண்டா? 4-0 என்று முடிந்தால் என்ன ஆகும்?

ஆந்தைக்கூடு
13 மே 2023, மாலை 6.30

நல்ல கேள்விகள் தம்பி. லீக் ஒன் என்பது மூன்றாவது டிவிஷன். 24 அணிகள். முதல் இரண்டு நேராக சாம்பியன்ஷிப்புக்குப் போகும். மூன்றிலிருந்து ஆறு வரை வந்த நான்கு அணிகளும் மிச்சமிருக்கும் ஒரே இடத்துக்கு மோத வேண்டும். மூன்றாவதும் ஆறாவதும் ஒரு அரையிறுதி, நான்காவதும் ஐந்தாவதும் இன்னொன்று. மேலே முடித்த அணிக்குக் கிடைக்கும் ஒரே சலுகை, இரண்டாவது லெக் சொந்த மைதானத்தில். 96 புள்ளிக்கு எங்களுக்குக் கிடைத்தது அது மட்டும்தான்.

வெளியூர் கோல் கணக்கு இந்தப் போட்டியில் இல்லை. நமக்கு இது நல்லது. அந்த விதி இருந்திருந்தால் அவர்கள் வியாழனன்று ஒன்று அடித்ததுமே எங்களுக்கு ஆறு தேவைப்பட்டிருக்கும். இப்போது அவர்கள் ஒன்று அடித்தால் எங்களுக்கும் ஒன்று கூடும், அவ்வளவுதான். நான்கு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் கூடுதல் நேரம் 30 நிமிடம், அதிலும் சமன் என்றால் பெனால்டி. ஐந்து கோல் வித்தியாசம் என்றால் நேராக வெம்ப்ளி. இறுதிப்போட்டி 29ஆம் தேதி திங்கட்கிழமை.

பீட்டர்பரோவாசி
13 மே 2023, இரவு 11.15

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பீட்டர்பரோவில் பதினேழு வருடமாக இருக்கிறேன். மகனோடு எங்கள் மைதானமான லண்டன் ரோட்டுக்குப் போகத் தொடங்கி இப்போது அவனைவிட எனக்குத்தான் பைத்தியம் கூட. நேற்றும் அங்கேதான் நின்றேன்.

ஆந்தைக்கூடு, உங்கள் துக்கம் எனக்கு விளங்குகிறது. ஆனால் எங்கள் பக்கத்தையும் பாருங்கள். பெரிய ஊர் இல்லை, பெரிய காசு இல்லை. 1934இல் தொடங்கிய கிளப், லீக்குக்குள் வந்ததே 1960இல்தான். வந்த முதல் சீசனிலேயே 134 கோல் அடித்து டிவிஷனை வென்றது, அதில் 52 டெரி பிளை என்ற ஒருவர் அடித்தது. இன்றைக்கும் கிழவர்கள் அதைத்தான் கதைப்பார்கள். கோல் அடிப்பது எங்கள் ஊரின் பழக்கம்.

பிளேஆஃப் இறுதிக்கு மூன்று முறை போனோம். 1992, 2000, 2011. மூன்றிலும் வெற்றி. 2011இல் ஹட்டர்ஸ்ஃபீல்டை 3-0. வெம்ப்ளியில் சாம்பியன்ஸ் லீக் இறுதி இருந்ததால் அந்த ஆட்டத்தை ஓல்ட் டிராஃபோர்டில் வைத்தார்கள். மனேஜர் இதே டேரன் ஃபெர்குசன். மான்செஸ்டர் யுனைட்டெட் மனேஜராக இருந்த தகப்பன் அலெக்ஸ் ஃபெர்குசனின் மைதானத்தில் மகன் ஜெயித்தார்.

ஆனால் ஒன்று சொல்லுகிறேன். எனக்குச் சரியான பயம் இருக்கிறது. 1996இல் பிளாக்பூல், பிராட்ஃபர்டுக்குப் போய் 2-0 வென்றது. இரண்டாவது லெக்குக்கு அச்சடித்த புத்தகத்தில் வெம்ப்ளிக்கு எப்படிப் போவது என்று வழி போட்டிருந்தார்கள். பிராட்ஃபர்ட் வந்து 3-0 அடித்துவிட்டுப் போனது. மகன் வெம்ப்ளிக்கு இரயில் டிக்கெட் பார்க்கட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். வியாழன் முடியட்டும்.

நடுக்கோடு
14 மே 2023, காலை 9.50

நான் எந்தப் பக்கமும் இல்லை. ஆனால் இந்த முறையே சரியில்லை என்று நினைக்கிறேன். வெட்னஸ்டேயின் 96க்கும் பீட்டர்பரோவின் 77க்கும் இடையில் 19 புள்ளி. பீட்டர்பரோ 17 ஆட்டம் தோற்ற அணி, வெட்னஸ்டே தோற்றது ஆறு. ஒன்பது மாத உழைப்பை ஒரு வெள்ளிக்கிழமை இரவு தின்றுவிடலாம் என்றால், லீக் அட்டவணை எதற்கு? மூன்றாவது அணிக்கும் ஆறாவது அணிக்கும் இடையில் பத்துப் புள்ளிக்கு மேல் இருந்தால் ஒரு கோல் முன்னிலை கொடுத்துத் தொடங்கலாம்.

பீட்டர்பரோவாசி
14 மே 2023, காலை 11.20

அப்படியென்றால் வெட்னஸ்டே 2005இல் மேலே வந்திருக்கவே மாட்டாது. அந்த வருடம் அவர்கள் முடித்தது ஐந்தாவது. பிரென்ட்ஃபர்டை அரையிறுதியில் வென்று, கார்டிஃபில் ஹார்ட்டில்பூலை 4-2 என்று கூடுதல் நேரத்தில் வென்று போனார்கள். விதி எல்லோருக்கும் ஒன்று. ஆகஸ்டிலேயே எல்லோருக்கும் தெரிந்த விதி.

ஆந்தைக்கூடு
14 மே 2023, மதியம் 12.45

நடுக்கோடு, உங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் இந்த விஷயத்தில் நான் பீட்டர்பரோவாசி பக்கம். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. கடைசி நாளில் பீட்டர்பரோ ஆறாவது இடத்துக்கு வெளியே இருந்தது. டெர்பி கவுண்டி உள்ளே இருந்தது. டெர்பி அன்று ஆடியது யாரோடு? எங்களோடு, ஹில்ஸ்பரோவில். எங்களுக்கு அந்த ஆட்டத்தில் ஜெயிக்க வேண்டிய அவசியமே இல்லை, மூன்றாவது இடம் உறுதி. ஆனாலும் ஜெயித்தோம், 1-0. அதே நேரத்தில் பீட்டர்பரோ பார்ன்ஸ்லியில் 2-0. டெர்பி 76 புள்ளியோடு வெளியே, இவர்கள் 77உடன் உள்ளே. அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டதே நாங்கள்தான்.

அதற்காக டெர்பியிடம் விட்டுக்கொடுத்திருக்க வேண்டும் என்று இங்கே சிலர் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அன்று நேர்மையாக ஆடியதுதான் சரி. முறை சரியில்லை என்று நான் புலம்ப மாட்டேன். வெள்ளிக்கிழமை நாங்கள் மோசமாக ஆடினோம், அவர்கள் அருமையாக ஆடினார்கள்.

வேறொன்று சொல்ல வேண்டும். தோல்விக்குப் பிறகு எங்கள் மேனேஜர் டேரன் மூருக்கு சமூக வலைத்தளத்தில் நிறவெறி வசை அனுப்பியிருக்கிறார்கள். கிளப் கண்டித்து அறிக்கை விட்டிருக்கிறது. அவர் உத்தியைத் திட்டுங்கள், மாற்று வீரர்களை இறக்கிய நேரத்தைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் 2021 மார்ச்சில் மூழ்கிக்கொண்டிருந்த கப்பலில் ஏறிய மனிதர் அவர். வந்த கொஞ்ச நாளில் கோவிட்டும் நிமோனியாவும் வந்து படுத்தும் திரும்பி வந்தார். தோலின் நிறத்தைச் சொல்லி வசைபாடுகிறவன் எங்கள் ஸ்கார்ஃபைப் போட்டிருந்தாலும் எங்கள் ஆள் இல்லை. இந்த நாட்டில் அந்த மாதிரி வசையை நானும் தெருவில் வாங்கியிருக்கிறேன், அதனால் இது எனக்கு ஆட்டத்தைவிடப் பெரிய விஷயம்.

புதியவன்23
14 மே 2023, மதியம் 1.10

அண்ணா, நீங்கள் கடைசியில் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். எதிரணி மீது எனக்கு ஒன்றுமில்லை, பீட்டர்பரோ ஐயா மன்னிக்கவும், ஆனால் வியாழன் இரவு நான் வெட்னஸ்டே.

இன்னொரு கேள்வி. வெட்னஸ்டே என்றால் புதன்கிழமை. ஏன் இந்தப் பெயர்?

ஆந்தைக்கூடு
14 மே 2023, மதியம் 1.35

புதன்கிழமை கைவினைஞர்களுக்கு அரைநாள் விடுமுறை. அன்று கூடி கிரிக்கெட் ஆடியவர்கள் வைத்த பெயர் அது, 1820இல். குளிர்காலத்திலும் ஆட்களைக் கலையாமல் வைத்திருக்க 1867இல் கால்பந்து தொடங்கினார்கள். கத்தியும் எஃகும் செய்த ஊர் இது. ஆந்தை என்ற பட்டப்பெயர் மைதானம் இருக்கும் ஆவ்லர்ட்டன் பகுதியிலிருந்து வந்தது. நான்கு முறை இங்கிலாந்து சாம்பியன், 1903, 1904, 1929, 1930. பிரீமியர் லீக்கை விட்டு இறங்கியது 2000இல். அதற்குப் பிறகு திரும்பவில்லை.

வலதுபின்
15 மே 2023, இரவு 9.20

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வியாசர்பாடியில் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று தோன்றுகிறது. "முடியுமா முடியாதா" என்பதைவிட "முடிய வேண்டுமென்றால் எப்படி" என்று கேட்டுப் பார்ப்போம்.

நான்கு கோல் துரத்தும் அணி பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்தில் செத்துப்போகும். எல்லோரும் முன்னால் ஓடுவார்கள், ஒரு பந்து வெட்டுப்படும், எதிரணி நேராக ஓடிப்போய் ஐந்தாவதைப் போடும், மைதானம் காலியாகும். பீட்டர்பரோவிடம் அந்த ஓட்டத்துக்கான ஆட்கள் இருக்கிறார்கள். எஃப்ரான் மேசன்-கிளார்க், போக்கு, வார்ட் மூவரும் காலி இடத்தைப் பார்த்தால் விடமாட்டார்கள். அதனால் முதல் வேலை, பின்னால் ஆள் குறையாமல் தாக்குவது. ஒரு பக்க விங்பேக் (ஓரத்தில் ஏறி இறங்கும் தடுப்பாட்டக்காரர்) ஏறினால் மறுபக்க ஆள் உள்ளே வந்து நிற்க வேண்டும்.

இரண்டாவது, அவசரம் கூடாது. ஐரோப்பாவில் நடந்த பெரிய மீட்சிகளின் நேரத்தைப் பாருங்கள். 2019இல் லிவர்பூல் பார்சிலோனாவிடம் மூன்று பின்தங்கியிருந்தது. ஏழாவது நிமிடத்தில் ஒன்று. அதற்குப் பிறகு இடைவேளை வரை ஒன்றும் இல்லை. 54இலும் 56இலும் இரண்டு, 79இல் நான்காவது. 2017இல் பார்சிலோனாவுக்கு பாரீஸிடம் இதே நான்கு கோல் கடன். 88ஆவது நிமிடத்தில்கூட அவர்களுக்கு இன்னும் மூன்று தேவைப்பட்டது. மூன்றையும் ஏழு நிமிடத்தில் அடித்தார்கள். ஆக, இடைவேளைக்கு 2-0 என்றால் போதும். அந்த நேரம் உடை மாற்றும் அறையில் யார் முகம் வெளுத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முன்னிலையில் இருக்கும் அணியின் முகம்தான்.

மூன்றாவது, வெட்னஸ்டேயின் பலம் காற்றில் இருக்கிறது. மைக்கேல் ஸ்மித்தின் தலை, ஏய்டன் ஃப்ளின்டின் உயரம், அவற்றுக்குப் பந்து போடும் பேனனின் இடது கால். கார்னர், ஃப்ரீ கிக், நீளமான த்ரோ எது கிடைத்தாலும் அது கோல் வாய்ப்பு. தலையில் பட்டு விழும் இரண்டாவது பந்தைப் பொறுக்க லீ கிரெகரியும் விண்டாஸும் அருகில் இருக்க வேண்டும். ஸ்மித், கிரெகரி, விண்டாஸ் மூவரையும் ஒன்றாகக் களத்தில் பார்க்க ஆசை.

நான்காவது, பெஞ்ச். ஐந்து மாற்று ஆட்களுக்கு அனுமதி உண்டு. எங்கே நிறுத்தினாலும் மல்லுக்கட்டும் கேலம் பேட்டர்சன் மாதிரி ஒருவர் எதிரணியின் கால் சோரும் நேரத்தில் வந்தால் அதற்கு மதிப்பு அதிகம். ஆட்டம் 120 நிமிடம் போகும் என்று நினைத்துத்தான் மாற்றுகளைத் திட்டமிட வேண்டும்.

முதல் இருபது நிமிடத்தில் ஒரு கோல் வந்தால் ஆட்டம் உயிரோடு இருக்கும். வரவில்லை என்றால் கஷ்டம், அதை மறைக்கவில்லை.

கணக்குப்பிள்ளை
15 மே 2023, இரவு 10.40

வலதுபின், எழுதியது அருமை. ஆனால் பார்சிலோனாவிடம் அன்று மெஸ்ஸி, சுவாரஸ், நெய்மார் இருந்தார்கள். அந்த உதாரணத்தை அப்படியே லீக் ஒன்னுக்கு இறக்க முடியாது.

வலதுபின்
15 மே 2023, இரவு 11.05

எதிரே இருந்ததும் பாரீஸ் அணி. இங்கே எதிரே இருப்பது 17 ஆட்டம் தோற்ற அணி. தரத்தில் இருக்கும் வித்தியாசத்தைப் பாருங்கள், பெயரைப் பார்க்காதீர்கள். ஸ்பெயினின் டெபோர்ட்டிவோ 2004இல் ஏசி மிலானிடம் 4-1 தோற்றுவிட்டு வந்து 4-0 அடித்ததே, அவர்களிடம் எந்த மெஸ்ஸி இருந்தார்? முதல் பாதியிலேயே மூன்று கோல்.

கணக்குப்பிள்ளை
16 மே 2023, காலை 7.30

ராத்திரி உட்கார்ந்து மறுபடியும் பார்த்தேன். ஒரு விஷயத்தில் நான் அவசரப்பட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன். சராசரியை வைத்து மட்டும் பேசியது தவறு. சராசரி ஆட்டத்தில் யாரும் நான்கு கோல் தேடி ஓடுவதில்லை. 1-0 என்று ஆனதும் பாதுகாத்துக்கொள்வார்கள், அதுவும் அந்த 1.76க்குள் இருக்கிறது. வெட்னஸ்டே புத்தாண்டில் ஹில்ஸ்பரோவில் கேம்பிரிட்ஜை 5-0 அடித்தது. அதே ஸ்கோர் வியாழனன்று வந்தால் வெம்ப்ளி. அப்படி ஒரு இரவு இந்த அணியிடம் இருக்கிறது என்பது நிச்சயம். மார்ச் தொடக்கத்தில் இதே மைதானத்தில் பீட்டர்பரோவை 1-0 ஜெயித்திருக்கிறார்கள்.

இன்னமும் நடக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் டிக்கெட் விஷயத்தில் நான் முதலில் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். போங்கள்.

பீட்டர்பரோவாசி
16 மே 2023, பின்னேரம் 6.15

17 தோல்வி என்று திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். சரி. அதில் பெரும்பகுதி ஜனவரிக்கு முன்பு. ஃபெர்குசன் நான்காவது முறையாகத் திரும்பி வந்த பிறகு எங்கள் ஆட்டம் வேறு. வெள்ளிக்கிழமை நீங்கள் பார்த்தது அந்த அணியைத்தான். சென்டர் பேக் ரானி எட்வர்ட்ஸுக்கு இன்னும் இருபது வயது, பந்தைக் காலில் வைத்துக்கொண்டு நிற்கும் அழகைப் பாருங்கள். கோல்கீப்பர் வில் நாரிஸ் நிதானமானவர்.

ஆனால் வலதுபின் எழுதியதை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்பா, இது எங்களுக்கு எழுதின மாதிரி இருக்கிறது, ஃபெர்குசன் வாசிக்க வேணும்" என்றான். அவன் சொன்னது சரி. நாங்கள் ஹில்ஸ்பரோவுக்குப் போய்ப் பின்னால் ஒதுங்கி நின்றால் தண்டனை நிச்சயம். பந்தை வைத்து ஆட வேண்டும், முதலில் நாங்கள் ஒன்று அடிக்கப் பார்க்க வேண்டும். நானும் மகனும் வருகிறோம். வெளியூர் ரசிகர்களுக்கான லெப்பிங்ஸ் லேன் பக்கம் இருப்போம். 1989இல் 97 லிவர்பூல் ஆட்கள் உயிர் போகக் காரணமான நெரிசல் நடந்த பக்கம் அது என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். நேரத்தோடு வந்து நினைவுச் சின்னத்தில் பூ வைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம்.

ஆந்தைக்கூடு
16 மே 2023, இரவு 11.50

ஆட்டம் எப்படி முடிந்தாலும், முடிந்த பிறகு ஒரு தேநீர் சாப்பிடலாம் அண்ணா. தனிமடல் அனுப்புகிறேன்.

கோப்பில் எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர் உட்காருவார். எட்டு வருடப் பழக்கம். ஆட்டத்தைத் தவிர நாங்கள் அதிகம் பேசியதில்லை. இன்று கடைத்தெருவில் பார்த்தேன். வருகிறீர்களா என்று கேட்டேன். கேள்வியே அவருக்குப் புரியவில்லை. ஏன் வராமல்?

அப்புறம் 1966 கதையைச் சொன்னார். எஃப்ஏ கோப்பை இறுதி, எவர்ட்டனோடு. இவர் சின்னப் பையன், தகப்பனோடு வெம்ப்ளி போயிருக்கிறார். ஒரு மணி நேரம் ஆகும்போது வெட்னஸ்டே 2-0 முன்னிலை. கோப்பை கைக்கு வந்துவிட்டது என்று தகப்பனார் இவரைத் தோளில் தூக்கியிருக்கிறார். எவர்ட்டன் மூன்று அடித்து 3-2 என்று கோப்பையைக் கொண்டுபோனது. 57 வருடமாக அந்த ஆட்டத்தில் எது எப்படி நடந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கிறாராம். முன்னிலையில் இருந்தவனுக்கு அது எப்படிக் கைநழுவும் என்று தனக்குத் தெரியும், அதனால் பீட்டர்பரோக்காரர்கள் இந்த வாரம் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள் என்றார்.

ஷிஃப்ட்டை இனித் திருப்பிக் கேட்க மாட்டேன்.

நடுக்கோடு
17 மே 2023, காலை 10.10

இன்னொரு அரையிறுதியைப் பற்றி யாரும் பேசவில்லை. போல்ட்டன் 1, பார்ன்ஸ்லி 1. வெள்ளிக்கிழமை பார்ன்ஸ்லியில் இரண்டாவது லெக். வெட்னஸ்டே ஏறி, பார்ன்ஸ்லியும் ஜெயித்தால் வெம்ப்ளியில் தெற்கு யார்க்ஷயர் டெர்பி (ஒரே வட்டார அணிகளின் மோதல்). அதுவும் இந்த சீசனில் இரண்டு முறை வெட்னஸ்டேயை அடித்த அணி.

என் கணிப்பு: 3-1. நன்றாக ஆடி வெளியேறுவார்கள். முறை சரியில்லை என்ற கருத்தில் மாற்றமில்லை.

வலதுபின்
17 மே 2023, இரவு 8.30

என் கணிப்பு: 90 நிமிடத்தில் 3-0 என்று இருக்கும். கூடுதலாக எத்தனை நிமிடம் காட்டுகிறார்கள் என்பதில் எல்லாம் இருக்கும். முன்னிலையில் இருப்பவர்கள் நேரம் கடத்தினால் அந்த நிமிடங்கள் கடைசியில் திரும்பி வரும். என் பையன்களிடம் இதைத்தான் அடிக்கடி சொல்வேன்.

களத்தில் ஒரு ஆளைப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்று கேட்டால் லியம் பாமரைச் சொல்வேன். அந்த கிளப்பின் அகாடமியில் வளர்ந்தவர், 2010இலிருந்து ஆடுகிறார். 2016, 2017, 2021, 2022 எல்லாவற்றிலும் இருந்தவர். இந்தக் கடன் அவருக்குத் தனிப்பட்ட கடன்.

பீட்டர்பரோவாசி
17 மே 2023, இரவு 10.00

2-1 வெட்னஸ்டே. எங்களுக்கு கிளார்க்-ஹாரிஸ். மொத்தத்தில் 5-2. சொல்லிவிட்டேன், ஆனால் கை நடுங்குகிறது.

கணக்குப்பிள்ளை
18 மே 2023, மாலை 4.45

2-0. மனம் வேறொன்று சொல்கிறது, அதை எழுத மாட்டேன்.

புதியவன்23
18 மே 2023, இரவு 10.20

12.15க்கு அலாரம் வைத்துவிட்டேன். நாளை காலை கல்லூரியில் செய்முறைத் தேர்வு. அம்மாவிடம் படிக்க எழுந்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அது மட்டும் உறுத்துகிறது. ஆந்தைக்கூடு அண்ணா, முடிந்தால் மைதானத்திலிருந்து ஒரு வரி எழுதுங்கள்.

ஆந்தைக்கூடு
18 மே 2023, இரவு 11.25

இங்கே மாலை 6.55. மஞ்சள் தடம் டிராமில் நின்றுகொண்டு எழுதுகிறேன். பாதி காலியாக இருக்கும் என்று நினைத்தேன். கதவு மூட முடியவில்லை. நீலமும் வெள்ளையுமாக, தோளில் குழந்தைகளோடு. யாரும் கத்தவில்லை, பாடவில்லை, எல்லோரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் இருபது நிமிடத்தில் ஒன்று. வலதுபின் சொன்னதைப் பெரியவரிடம் சொன்னேன், அவரும் இதே டிராமில்தான். இருபது எதற்கு, பத்து போதும் என்கிறார்.

லெப்பிங்ஸ் லேன் நிறுத்தம் வந்துவிட்டது. இறங்குகிறேன்.